பனித்திடலில் காயம்பட்டவரை வெளியே கொண்டுவருவது: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் குளிர்காலம் பிறந்துவிட்டால் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து அரீனாக்களில் தமிழ்க் குரல் கேட்காத சனிக்கிழமை இல்லை. பிள்ளையை ஹொக்கிப் பயிற்சிக்குக் கூட்டிவரும் அப்பா, "அணிக்கு ஒரு டிரெய்னர் தேவை, பெற்றோரில் யார் வருகிறீர்கள்?" என்று நிர்வாகம் கேட்கும்போது கையை உயர்த்திவிடுகிறார். பல்கலைக்கழக மாணவி ஒருத்தி மாநகரசபைப் பனித்திடலில் பகுதிநேர ரோந்து வேலைக்குச் சேர்கிறாள். ஒன்ராறியோவில் சிறுவர் ஹொக்கி அணி என்றால் சான்றிதழ் பெற்ற டிரெய்னர், அதாவது வீரர்களின் பாதுகாப்பையும் காயங்களையும் கவனிப்பவர், ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அந்தச் சான்றிதழ் வகுப்பில் முதலுதவி சொல்லித்தருவார்கள். ஆனால் கால் வழுக்கும் தரையில், நூறு பேர் வேகமாகச் சுற்றிவரும் இடத்தில், முழங்கால் ஈரமாகி விறைக்க, அந்த முதலுதவியை எப்படிச் செய்வது என்பது வேறு பாடம்.

அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுந்தவரை எவ்வளவு விரைவாகப் பனியிலிருந்து அகற்றுகிறோம் என்பதில் திறமை எதுவும் இல்லை. ஒருவர் விழுந்ததும் சுற்றி நிற்பவர்களுக்கு வருவது ஒரே எண்ணம்: "பாவம், குளிரில் கிடக்கிறார், தூக்குங்கள்." அந்த இரக்கம்தான் ஆபத்து. தூக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும்வரை எல்லோருடைய கைகளையும் கட்டிப்போடுவதுதான் உங்கள் வேலையில் பாதி. மீதிப் பாதி, கதவு.

விபத்து இல்லாத நாளில் கதவைப் பாருங்கள்

வட அமெரிக்க அளவிலான ஹொக்கித் திடல் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. சுற்றிலும் பலகைச் சுவர். அதில் வீரர்கள் ஏறி இறங்கும் சிறிய கதவுகள் சில இருக்கும். அவை ஒடுக்கமானவை. தாண்டியதும் ஒரு படி, அதை ஒட்டி இருக்கைகள், திரும்ப இடமில்லாத மூலை. படுத்திருக்கும் ஒருவரை அவ்வழியே கொண்டுபோக முடியாது. திடலின் ஒரு முனையிலோ பக்கவாட்டிலோ, பனியைச் சீர்செய்யும் வண்டி, அதாவது எல்லோரும் ஸாம்போனி என்று அழைக்கும் வண்டி, உள்ளே வருவதற்கான அகன்ற இரட்டைக் கதவு இருக்கும். உங்களுக்குரிய கதவு அதுதான்.

அந்தக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தாழ்ப்பாள் பனிப் பக்கம் இருக்கிறதா, வெளிப்பக்கமா? சாவி தேவையா? தேவையென்றால் இரவு ஒன்பது மணிக்கு அது யாரிடம் இருக்கும்? வண்டியைக் கதவுக்கு நேரே நிறுத்திவைக்கும் பழக்கம் இருக்கிறதா? பிறகு அங்கிருந்து கட்டடத்தின் பின்கதவுவரை நடந்து பாருங்கள். ஸாம்போனி சுரண்டியெடுக்கும் பனித்தூளை ஓட்டுநர் பெரும்பாலும் பின்கதவுக்கு வெளியேதான் கொட்டுவார். மாலையில் பல தடவை வண்டி ஓடிய பிறகு அங்கே சிறிய குன்றே எழுந்துவிடும். அம்புலன்ஸ் வந்து நிற்கவேண்டிய இடமும் அதுவே. ஓட்டுநரிடம் பணிவாகப் பேசி, கொட்டும் இடத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதே பனித்தூளைப் பிளாஸ்டிக் பையில் அள்ளித் துணியில் சுற்றினால் வீக்கத்துக்கு ஒத்தடம் தயார் என்பது ஒரு வசதி.

அடுத்து, ஏ.ஈ.டி. எனப்படும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி. நுழைவாயிலிலா, அலுவலக அறைக்கு உள்ளேயா? அலுவலகம் பூட்டிய பிறகும் அதை எடுக்க முடியுமா? பனியின் நடுவிலிருந்து அதுவரை ஒருமுறை போய்த் திரும்புங்கள். கட்டடத்தின் முழு முகவரியை ஒரு தாளில் எழுதி உங்கள் பையில் வையுங்கள். அரீனாவின் பெயர் தெரிந்த பலருக்கு அதன் கதவிலக்கமும் வீதியின் பெயரும் தெரியாது. 911 அவசர அழைப்பில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

ஹொக்கி கனடா அமைப்பு தன் டிரெய்னர்களிடம் மூன்று பேரை முன்கூட்டியே நியமிக்கச் சொல்கிறது. காயம்பட்டவரோடு இருக்கும் பொறுப்பாளர் ஒருவர். தொலைபேசியில் அழைப்பவர் ஒருவர். கூட்டத்தையும் வழியையும் பார்த்துக்கொள்பவர் ஒருவர். தேர்வில் எழுதுவதற்கான பட்டியலாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்பே பெற்றோரில் இருவரைப் பெயர் சொல்லி அழைத்து, "அண்ணா, ஏதாவது நடந்தால் நீங்கள் 911ஐ அழையுங்கள்; அக்கா, நீங்கள் ஸாம்போனிக் கதவைத் திறந்துவிட்டுப் பின்வாசலில் போய் நில்லுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். விபத்து நேரத்தில் "யாராவது கூப்பிடுங்கள்" என்று பொதுவாகக் கத்தினால், இன்னொருவர் கூப்பிட்டிருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

பையில் இருக்கவேண்டியவை: கையுறைகள், நிறையக் காஸ் துணி, முக்கோணக் கட்டுத்துணிகள், இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டி, ஸ்கேட் கயிற்றையும் உடையையும் வெட்டக்கூடிய கனத்த கத்தரிக்கோல், மூச்சு கொடுக்கும் முகமூடி, வெப்பம் காக்கும் மெல்லிய தகட்டுப் போர்வைகள், விசில். இவற்றோடு, காலணியில் மாட்டும் முள்பட்டையும் முழங்காலுக்குக் கீழே போட ஒரு தடித்த நுரைப்பாயும். கடைசி இரண்டையும் பலர் வாங்குவதில்லை. ஆனால் நான் எல்லாவற்றுக்கும் முதலில் வாங்கச் சொல்வது அவற்றைத்தான். நிற்கவே முடியாதவர் யாருக்கும் உதவ முடியாது.

விழுந்தவுடன்: ஆட்டத்தை நிறுத்துங்கள்

பொதுமக்கள் ஸ்கேட்டிங் நேரமென்றால் விசிலை நீளமாக ஊதுங்கள், இசையை நிறுத்தச் சொல்லுங்கள், எல்லோரையும் சுவரோரம் ஒதுங்கச் சொல்லுங்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு நிறுத்தத் தெரியாது. ஒருவர் விழுந்து கிடக்கும் இடத்தை நோக்கி இன்னொருவர் தடுமாறி வருவது வெகு சாதாரணம். அதனால் உங்களோடு வேலை செய்பவர் ஒருவரை, ஆட்கள் சறுக்கி வரும் பக்கத்தில், காயம்பட்டவருக்குச் சில மீட்டர் முன்னால், வருபவர்களைப் பார்த்தபடி கைகளை விரித்து நிறுத்துங்கள். ஹொக்கி ஆட்டத்தில் நடுவர் விசில் ஊதி, கை காட்டிய பிறகே நீங்கள் பனிக்குள் இறங்கவேண்டும். சொந்தப் பிள்ளை கிடந்தாலும் அப்படித்தான்.

ஓடாதீர்கள். முள்பட்டை போட்டிருந்தாலும் குறுகிய அடிகளாக, பாதத்தை முழுதாகப் பதித்து நடங்கள். ஸ்கேட் அணிந்து போகிறவர்கள் நெருங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, உங்கள் ஸ்கேட் கத்தி அவருடைய விரல்களின் பக்கம் போகாதபடி நின்று மண்டியிடுங்கள். அவருடைய கைகள் பனியில் விரிந்திருந்தால் விரல்களை மடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவர் பார்க்கும் திசையிலிருந்தே அணுகுங்கள். பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் தலையைத் திருப்புவார். கழுத்தில் அடிபட்டவர் செய்யவே கூடாதது அது. "அசையாதீர்கள், நான் உதவி செய்ய வந்திருக்கிறேன்" என்று சொல்லி, என்ன நடந்தது, எங்கே வலிக்கிறது, கைகால் விரல்களை உணர முடிகிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். எப்படி விழுந்தார் என்பதைப் பார்த்தவர் ஒருவரிடமும் கேட்டுவிடுங்கள். பிட்டம் பட விழுந்தவருக்கும் தலை முன்னே போய்ச் சுவரில் மோதியவருக்கும் நீங்கள் செய்யப்போவது ஒன்றல்ல.

இந்த இடத்தில்தான் உறவினர்கள் பனிக்குள் ஓடிவருவார்கள், பெரும்பாலும் சாதாரணச் செருப்போடு. இரண்டாவது காயம் அங்கேதான் காத்திருக்கிறது. தாயைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: "அம்மா, பிள்ளை பேசுகிறான். நீங்கள் அவனுடைய ஹெல்த் கார்டையும் ஜக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெரிய கதவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அங்கேதான் அவனைக் கொண்டுவருவோம்."

மூன்று வகையினர்

காயம்பட்டவர்களை நான் மூன்றாகப் பிரிப்பேன். தானே எழுந்து போகக்கூடியவர்கள், நாம் நகர்த்தக்கூடியவர்கள், அம்புலன்ஸ் வரும்வரை அசைக்கவே கூடாதவர்கள். சந்தேகம் வந்தால் அடுத்த கடுமையான வகையில் சேர்த்துவிடுங்கள். தேவையில்லாமல் அம்புலன்ஸ் வந்துவிட்டால் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பணத்தை நினைத்துத் தயங்குகிறவர்கள் உண்டு, குறிப்பாகப் புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள். ஒன்ராறியோவில் அரச மருத்துவக் காப்புறுதி உள்ளவருக்கு, மருத்துவத் தேவை இருந்த அம்புலன்ஸ் பயணத்துக்குக் கட்டணம் 45 டொலர். காப்புறுதி இல்லாத வருகையாளருக்கு 240 டொலர். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தானே எழக்கூடியவர்

கழுத்தும் தலையும் வலிக்கவில்லை, மயக்கம் இல்லை, கைகால்கள் நன்றாக அசைகின்றன என்றால் எழலாம். அப்போதும் இழுத்துத் தூக்காதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, முழங்கால்களிலும் கைகளிலும் ஊன்றி, ஒரு ஸ்கேட்டை மட்டும் பனியில் பதித்து, இரு கைகளையும் அந்த முழங்காலில் வைத்து அழுத்தி அவரே எழட்டும். நீங்கள் பின்னால் ஒரு பக்கமாக நின்று இடுப்பருகே தாங்கினால் போதும். சிறு பிள்ளைகளை ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்குவது இங்கே எல்லாப் பெற்றோரும் செய்வது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த ஓர் இழுப்பிலேயே முழங்கை மூட்டில் எலும்பு நழுவிவிடலாம். இரு கைகளாலும் அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்குங்கள்.

எழுந்த பிறகும் தனியாக விடாதீர்கள். அருகிலுள்ள கதவுவரை கூடப் போய், இருக்கையில் உட்காரவைத்து, சில நிமிடம் கழித்து மீண்டும் பேசிப் பாருங்கள். தலையில் அடிபட்டிருந்தால், அவர் எவ்வளவு உற்சாகமாகப் பேசினாலும் அன்றைக்குப் பனியில் மீண்டும் இறங்கக் கூடாது. 2013இல் ஒட்டாவாவைச் சேர்ந்த 17 வயது ரக்பி வீராங்கனை ரோவன் ஸ்டிரிங்கர், சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்தார். அதையடுத்து 2018இல் ஒன்ராறியோ இயற்றிய சட்டம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மூளையதிர்ச்சி என்ற சந்தேகம் இருந்தாலே வீரரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடவேண்டும், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். பயிற்றுநர் முறைப்பார், பிள்ளை அழும், சில நேரம் அப்பாவே "அவனுக்கு ஒன்றுமில்லை" என்பார். நீங்கள் அசையாதீர்கள்.

பேரப்பிள்ளைகளோடு பனியில் இறங்கும் தாத்தா, பாட்டிகளிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா? ஆம் என்றால், தலையில் சிறிய இடி என்றாலும் வைத்தியசாலைக்குத்தான்.

கை, கால் முறிந்தவர்

விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. அதனால் பொதுமக்கள் ஸ்கேட்டிங்கில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போவது மணிக்கட்டுக் காயம். வளைந்திருந்தால் நிமிர்த்தாதீர்கள். கையுறையை மெதுவாகக் கழற்றுங்கள், மோதிரமும் வளையலும் இருந்தால் வீக்கம் வருவதற்கு முன் அவற்றையும். முக்கோணத் துணியால் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டால், இருவர் துணையோடு அவரால் கதவுவரை வர முடியும். அவருடைய நல்ல கை உங்கள் தோளில் இருக்கட்டும்.

கணுக்காலோ கீழ்க்காலோ என்றால் ஸ்கேட்டைப் பனியில் வைத்துக் கழற்றாதீர்கள். கடினமான அந்தக் காலணியே முறிவைப் பிடித்துவைத்திருக்கும். காலணிக்கு உள்ளிருந்து இரத்தம் கொட்டினாலோ, விரல்கள் மரத்துப்போவதாகச் சொன்னாலோ மட்டும் கயிற்றை வெட்டித் தளர்த்துங்கள். கத்திக்கு உறை மாட்டுங்கள், அல்லது துவாயால் சுற்றுங்கள். காலை அசைக்காமல் இருபுறமும் சுருட்டிய ஜக்கெட்டுகளை வைத்துக் கட்டுங்கள்.

நொண்டி நடக்கவைப்பதைவிட உட்காரவைத்து இழுப்பது எப்போதும் நல்லது. இழுவைத் தட்டு, அதாவது பிள்ளைகள் பனியில் சறுக்கப் பயன்படுத்தும் நீளமான ஸ்லெட், அரீனாவில் ஒன்று இருந்தால் பெரும் வரம். பின்னால் ஒருவர் அவருடைய முதுகைத் தாங்க, முன்னால் ஒருவர் கயிற்றை இழுக்க, பக்கத்தில் ஒருவர் காலைப் பார்த்துக்கொள்ளப் போங்கள். பின்னால் வருபவர்தான் பிரேக். அந்த ஆள் இல்லாவிட்டால் தட்டு நேரே கதவுச் சட்டத்தில் போய் மோதும். புதியவர்கள் பிடித்துக்கொண்டு சறுக்கும் பிளாஸ்டிக் விலங்குப் பொம்மைகளில் காயம்பட்டவரை உட்காரவைத்துத் தள்ளுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம், அவை எளிதில் கவிழும்.

தொடை எலும்பு, இடுப்பு ஆகியவற்றில் முறிவு என்று தோன்றினால் இந்த வகையை விட்டுவிடுங்கள். அவர்கள் அடுத்த வகை.

அசைக்கக் கூடாதவர்

1995 ஒக்டோபர் 20 அன்று போஸ்டன் பல்கலைக்கழக ஹொக்கி அணிக்காகத் தன் முதல் ஆட்டத்தில் இறங்கிய 20 வயது டிராவிஸ் ரோய், பனியில் கால் வைத்து 11 விநாடிகளில் தலை முன்னே போய்ப் பலகைச் சுவரில் மோதினார். கழுத்தெலும்பு உடைந்தது. அதன் பிறகு அவர் நடக்கவே இல்லை. இரத்தம் இல்லை, அலறல் இல்லை, பார்ப்பதற்கு வெறும் விழுகை. முதுகெலும்புக் காயம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

தலை முன்னே போய்ச் சுவரில் மோதியவர், நினைவு தப்பியவர், கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்பவர், கைகாலில் எரிச்சலோ மரத்துப்போதலோ சொல்பவர், குழம்பிப் பேசுபவர்: இவர்களில் யாரையும் எழுப்பாதீர்கள், திருப்பாதீர்கள், உட்காரவைக்காதீர்கள். 911ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் தலையைப் பிடியுங்கள்.

பிடிப்பது எப்படி? அவருடைய தலைக்கு மேற்புறம் நுரைப்பாயைப் போட்டுக் குப்புறப் படுங்கள், அல்லது மண்டியிடுங்கள். முழங்கைகளைப் பனியில் ஊன்றுங்கள். இரு உள்ளங்கைகளாலும் தலைக்கவசத்தின் இருபுறமும் பிடித்து, தலை எப்படி இருந்ததோ அப்படியே நிறுத்துங்கள். கோணலாக இருந்தால் கோணலாகவே. நேராக்க முயல வேண்டாம். இந்த நிலையில் பல நிமிடம் இருக்கவேண்டியிருக்கும், கை விறைக்கும். மாற்று ஆள் வரும்போது அவருடைய கைகள் பிடித்த பிறகே உங்களுடையதை எடுங்கள்.

தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். ஹொக்கி வீரரின் முதுகில் தோள்கவசம் இருக்கிறது. தலைக்கவசத்தை மட்டும் எடுத்தால் தலை பின்னோக்கிச் சரிந்து கழுத்து வளையும். மூச்சைப் பார்க்க முகக்கம்பியை மட்டும் தூக்கினாலோ, அதன் பட்டிகளை வெட்டி அகற்றினாலோ போதும். முகத்தைத் திறந்தும் மூச்சுக்கு வழி கிடைக்காத நிலையில்தான் கவசத்தை எடுப்பது பற்றி யோசிக்கவேண்டும்.

குப்புறக் கிடந்து நன்றாக மூச்சு விடுகிறாரென்றால் அப்படியே இருக்கட்டும். வாந்தி எடுத்தாலோ மூச்சு நின்றாலோ மட்டும் திருப்புங்கள். அதற்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். தலையைப் பிடித்தவர்தான் கட்டளை தருவார். தோள், இடுப்பு, கால் மூன்றையும் பிடித்தவர்கள் அவர் மூன்று எண்ணியதும் ஒரே கட்டையாகச் சேர்த்துத் திருப்பவேண்டும். ஸ்கேட் அணிந்தவர்கள் இந்த வேலைக்கு ஆகமாட்டார்கள், இழுக்கும்போது அவர்களே வழுக்கிப் போவார்கள்.

குளிரை அலட்சியம் செய்ய வேண்டாம். பனி உடலின் சூட்டை இடைவிடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நடுக்கம் வந்தால் கழுத்தும் நடுங்கும். மேலே தகட்டுப் போர்வையும் அதன்மேல் கிடைக்கும் ஜக்கெட்டுகள் எல்லாவற்றையும் போடுங்கள். கழுத்தோரம், கையோரம் உள்ள இடைவெளிகளைத் துணியால் அடையுங்கள். அடியில் எதையும் நுழைக்க முயலாதீர்கள், அதற்கு உடலை அசைக்கவேண்டியிருக்கும். கைபேசியோடு நெருங்குபவர்கள் இருந்தால், இரண்டு பேர் ஒரு போர்வையை விரித்துத் திரையாகப் பிடிக்கட்டும்.

911 அழைப்பும் அம்புலன்ஸ் வருகையும்

அழைப்பவர் காயம்பட்டவருக்கு அருகில் நின்று, ஒலிபெருக்கியை இயக்கிப் பேசவேண்டும். முகவரி, எந்த வாசல், என்ன நடந்தது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை வைக்கக் கூடாது. ஆங்கிலத்தில் தடுமாறுபவர் "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொன்னால் ரொறன்ரோவில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பார்வையாளர் இருக்கையில் இருக்கும் அம்மம்மாக்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

கதவுப் பொறுப்பாளர் வீதிவரை போய் நின்று கையசைக்கவேண்டும். முன்வாசலில் இறங்கிவிட்டால் பராமெடிக்குகள், அதாவது அம்புலன்ஸ் மருத்துவ ஊழியர்கள், கட்டிலோடு உணவுக்கடை, உடைமாற்றும் அறை எல்லாம் சுற்றிவரவேண்டியிருக்கும்.

அவர்கள் வந்த பிறகு கட்டளை அவர்களுடையது, பனி உங்களுடையது. பூட்ஸ் அணிந்த அவர்களுக்கு வழுக்கும். கதவிலிருந்து காயம்பட்டவர்வரை ரப்பர் பாயோ கம்பளமோ விரியுங்கள். இல்லாவிட்டால் முள்பட்டை அணிந்தவர்கள் அவர்களுடைய முழங்கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கள். சக்கரக் கட்டிலின் பிரேக் பனியில் வேலை செய்யாது. சக்கரம் பூட்டியிருந்தாலும் கட்டில் முழுதாக வழுக்கும். ஆகவே கட்டிலைக் கதவருகே ரப்பர் தரையிலேயே நிறுத்தி, நோயாளியைப் பலகையில் வைத்துப் பனிமேல் மெதுவாகச் சறுக்கிக் கொண்டுவருவது பல நேரம் எளிது. கட்டிலைப் பனிக்குள் கொண்டுவர அவர்கள் முடிவு செய்தால், உயரத்தைக் குறைத்து, நான்கு மூலைக்கும் ஆள் பிடித்து, கால் பக்கம் முன்னே வரும்படி நகர்த்துங்கள். கதவருகே பனி முடிந்து தரை தொடங்கும் விளிம்பில் எல்லோரும் ஒருமுறை நின்று, சேர்ந்து தாண்டவேண்டும். உலுக்கல் வருவது அங்கேதான்.

காத்திருக்க முடியாத இரண்டு

முதலாவது, மூச்சு இல்லாதவர். ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் கடினமான ரப்பர் வில்லை நெஞ்சில் பட்டாலே இதயத்துடிப்பு குலையலாம். 1998இல் டெட்ராயிட்டில் நடந்த ஆட்டத்தில் ஹொக்கி வீரர் கிறிஸ் புரொங்கர் அப்படித்தான் சுருண்டு விழுந்து பிழைத்தார். 2020 பெப்ரவரி 11இல் இன்னொரு வீரர் ஜே போமீஸ்டர் அடி எதுவும் படாமலே அனாஹைமில் இருக்கையில் சரிந்தார். அருகிலேயே இருந்த ஏ.ஈ.டி. அவரைக் காப்பாற்றியது. அழைத்தாலும் தட்டினாலும் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது திணறலாக எப்போதாவது ஒன்று வருகிறது என்றால், கழுத்துக் காயம் பற்றிய கவலை இரண்டாம் இடத்துக்குப் போகிறது. கிடந்த இடத்திலேயே மல்லாத்துங்கள், கவசத்தை வெட்டி நெஞ்சைத் திறங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு குறைந்தது 5 செ.மீ. ஆழம் அழுத்துங்கள். பனியில் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் உங்கள் முழங்கால் பின்னே நழுவும், நுரைப்பாய் இதற்கும்தான். ஏ.ஈ.டி.யைப் பனியின்மேல் பயன்படுத்தலாம். நீர் தேங்கியிருக்கும் இடமாக இல்லாமல் பார்த்து, நெஞ்சை நன்றாகத் துடைத்து ஒட்டுங்கள். அதிர்ச்சி கொடுக்கும்போது யாரும் தொட்டிருக்கக் கூடாது. தவறு செய்தால் வழக்குப் போடுவார்களோ என்ற பயம் வேண்டாம். பரி நகரைச் சேர்ந்த 11 வயது ஹொக்கிச் சிறுவன் சேஸ் மக்கெக்ரன் 2006இல் இறந்த பின், அவன் பெயரால் 2007இல் ஒன்ராறியோ கொண்டுவந்த சட்டம், நல்லெண்ணத்தோடு அந்தக் கருவியைப் பயன்படுத்துபவரைப் பாதுகாக்கிறது.

இரண்டாவது, ஸ்கேட் கத்தி வெட்டிய காயம். 1989 மார்ச் 22 அன்று பஃபலோ அணியின் கோல்காப்பாளர் கிளிண்ட் மலார்ச்சக்கின் கழுத்து இரத்தக்குழாயைக் கத்தி அறுத்தது. வியட்நாம் போரில் இராணுவ மருத்துவ உதவியாளராக இருந்த அணியின் டிரெய்னர் ஜிம் பிற்சுட்டெல்லி, காயத்துக்குள் கையை வைத்து இரத்தக்குழாயை இறுக்கிப் பிடித்தபடியே அவரை உள்ளே கொண்டுசென்றார். மலார்ச்சக் பிழைத்தார். இங்கே செய்யவேண்டியது ஒன்றே: காஸ் துணியை அள்ளி, காயத்தின்மேல் பலமாக அழுத்தி, எடுக்காமல் இருப்பது. எட்டிப் பார்ப்பதற்காக எடுக்காதீர்கள். நனைந்தால் மேலே இன்னொன்றை வையுங்கள். கையிலோ காலிலோ பீறிடும் இரத்தத்துக்குப் பட்டியைக் காயத்தின்மீது அல்லாமல் அதற்குச் சற்று மேலே, உடலின் பக்கமாக இறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். கழுத்தைச் சுற்றி எதையும் கட்டக் கூடாது, கையால் மட்டுமே அழுத்தவேண்டும். 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹொக்கி வீரர் ஆடம் ஜோன்சன் கழுத்தில் வெட்டுப்பட்டு இறந்த பிறகு, கழுத்துக்காப்பு அணிய மறுக்கும் பெரியவர்களிடம் பேசுவது எனக்குச் சற்று எளிதாகியிருக்கிறது.

திடலையே காலி செய்யவேண்டி வந்தால்

இதுவரை "அசைக்காதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே வந்ததற்கு இன்னொரு விலக்கு, கட்டடமே ஆபத்தாகும் நேரம். பல அரீனாக்களில் பனியை உறையவைக்கும் குளிரூட்டு அமைப்பில் அமோனியா ஓடுகிறது. 2017 ஒக்டோபர் 17 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி நகர அரீனாவில் அது கசிந்து மூவர் இறந்தார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி வந்தாலோ எச்சரிக்கை மணி அடித்தாலோ, ஸ்கேட்டைக் கழற்றக்கூட நிற்காமல் எல்லோரும் வெளியேறி, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் தள்ளிப் போகவேண்டும்.

நெடியே இல்லாத ஆபத்தும் உண்டு. எரிவாயுவில் ஓடும் பனிச்சீர் வண்டி பழுதடைந்து, காற்றோட்டமும் மோசமாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். ஒரே மாலையில் பலர் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று வந்தால் அது தற்செயல் அல்ல. எல்லோரையும் வெளியே அனுப்பி 911ஐ அழையுங்கள். அதே புகையில் இருக்கும் நைட்ரஜன் டைஆக்சைடு நுரையீரலைத் தாக்குவது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதனால் இருமலும் மூச்சுத்திணறலும் இரவில் வந்தால் வைத்தியசாலைக்குப் போகும்படி ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்லியனுப்புங்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் எழ முடியாதவரைப் போர்வை இழுவையால் எடுங்கள். போர்வையை அவருக்கு அடியில் நுழைத்து, தலைப்பக்க முனைகளைச் சுருட்டி, தலையும் தோளும் அந்தச் சுருளுக்குள் தாங்கும்படி பிடித்து, உடலின் நீளவாக்கில் நேராக இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் முதுகு முறுகும். அத்தனை நேரம் நமக்கு எதிரியாக இருந்த வழுக்கல் இப்போது உதவிக்கு வரும், ஒரே ஆளால் பெரியவர் ஒருவரைக் கதவுவரை கொண்டுபோய்விட முடியும்.

ஆள் போன பிறகு

அம்புலன்ஸ் புறப்பட்டதும் பனியைத் திறந்துவிடாதீர்கள். இரத்தம் சிந்தியிருந்தால் அதன்மேல் ஸாம்போனி ஓடக் கூடாது, வண்டி அதைத் திடல் முழுக்கப் பரப்பிவிடும். கையுறை அணிந்து, நிறம் மறையும்வரை சுரண்டி, பையில் கட்டி, அரீனா ஊழியரிடம் கொடுங்கள். பயன்படுத்திய ஏ.ஈ.டி. ஒட்டுகளுக்குப் புதியவை வரும்வரை அந்தக் கருவி இல்லாத கட்டடமாகவே கணக்கில் கொள்ளுங்கள். விபத்து அறிக்கையை அன்றைக்கே எழுதுங்கள்: நேரம், இடம், எப்படி விழுந்தார், என்ன சொன்னார், யார் என்ன செய்தார். உங்கள் ஊகங்களை அதில் சேர்க்க வேண்டாம்.

விழுந்த இடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய்க் குனிந்து பாருங்கள். ஸ்கேட் முனை கிண்டிய குழியோ நீளப் பிளவோ இருந்தால், பனித்தூளைத் திணித்துத் தண்ணீர் விட்டு அடைத்து, அது உறைந்த பிறகு திடலைத் திறங்கள்.